மாடி அறைக்கு மட்டும் தனி வயர்

என் மகள் பிழைத்துக்கொண்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். கேட்பவர்கள் வேறு என்னவோ நினைத்துக்கொண்டு பதறிப்போகிறார்கள். வலது கையில் இரண்டு விரல் நுனியில் வெள்ளையாகத் தழும்பு இருக்கிறது. அவ்வளவுதான். நடந்து நான்கு மாதம் ஆகிறது.

எங்கள் வீடு பாபநாசத்திலிருந்து வயலுக்குள் இறங்கும் சாலையில், இரண்டு வாய்க்கால் தாண்டி இருக்கிறது. என் கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஒரே மகள். சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கட்டட வரைபடம் போடுகிற வேலை அவளுக்கு. கொரோனா சமயத்தில் கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவள், கூட வேலை பார்த்தவர்கள் திரும்பிப் போன பிறகும் எங்கள் மாடி அறையிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை தடைப்படாதவரை சரி என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

அந்தத் ‘தடைப்படாதவரை’யை நான் பிடித்துக்கொண்டேன். வீட்டில் ஒருவருக்காகக் காத்திருந்தே இருபது வருடத்தைக் கழித்தவள் நான். இன்னொருவருக்காகவும் காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. அதை அவளிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்வதற்குப் பதிலாகப் பொருள் வாங்கினேன்.

முதலில் அந்தக் கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கீழே வந்து டீ போட்டு எடுத்துக்கொண்டு போனால்கூட திரையில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். கும்பகோணத்தில் கடைக்காரர் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, மெமரியையும் இரண்டு மடங்காக்கிக் கொடுத்தார். “இப்ப போட்டுப் பாருங்க டீச்சர்” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் திறந்துவிட்டது. எனக்கு அப்போது வந்த சந்தோஷம், என்னமோ நானே ஓடி ஜெயித்த மாதிரி. அப்புறம் ஃபைபர் நெட். முதுகு வலிக்கிறது என்றாள். சக்கரம் வைத்த உயரமான நாற்காலி வந்தது. வெயில் தாங்கவில்லை என்று சொல்வதற்கு முன்பே ஏசி வந்தது.

“ஏம்மா, கல்யாணச் சீர் மாதிரி இல்ல வாங்கிக் குவிக்கிறே” என்றாள் ஒருநாள்.

“சீர் குடுத்தா நீ போயிடுவே. இது நீ போகாம இருக்கறதுக்கு.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். வேடிக்கையாகச் சொன்னது போலத்தான் இருந்தது.

கடைசியில் சோலார். எங்கள் பக்கம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். வயலுக்கு நடுவே வருகிற லைன், எங்காவது தென்னை மட்டை விழுந்திருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி ஏசியைத் தாங்காது. அதனால் பொங்கலுக்கு முன்னால் மொட்டை மாடியில் எட்டு பேனல் ஏறியது, பெரிய பேட்டரியோடு. தெருவே வந்து பார்த்தது. எதிர் வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துவிட்டு, “அப்ப இனிமே வெயில் அடிச்சா உங்க வீட்டுக்குக் கரண்டு, எங்களுக்கு வேர்வை, அப்படித்தானே?” என்றார்.

என் கணவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “பேனல் எதுவா வேணா இருக்கட்டும். மெயின்ல ட்ரிப்பர் போடச் சொல்லு. இங்க அது இல்லாம ஒரு பாத்ரூம் பல்பு மாட்ட விடமாட்டாங்க.”

ட்ரிப்பர் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. வீட்டுக்குள் போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், எங்கோ மண்ணுக்கோ மனுஷ உடம்புக்கோ போகிறது என்று பொருள், உடனே துண்டித்துவிடும். இதை நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

போட்ட மறுநாளிலிருந்து அதன் சுவிட்ச் தானாகக் கீழே விழுந்து கரண்ட்டைத் துண்டிக்க ஆரம்பித்தது. மாடியில் ஏசியைப் போட்டால் விழும். ஏசி இல்லாமல் கம்ப்யூட்டரை மட்டும் போட்டாலும் சில நேரம் விழும். சோலார் போட்டவர் வந்து ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்தார். “கீழ எல்லாம் சரியா இருக்குங்க. மாடி ரூம் லைன்லதான் என்னமோ இருக்கு. பழைய வயரிங். சுவத்தை உடைச்சு முழுசா மாத்திடுங்க, பத்து நாள் வேலை.”

என் மகள் ஒரே வாரத்தில் மூன்று மீட்டிங்கில் பாதியில் நெட் அறுந்து காணாமல் போயிருந்தாள். “பத்து நாள்தானே, நான் சென்னைக்குப் போயிடறேன்மா. ஹாஸ்டல்ல இருந்துக்கறேன். ஆபீஸ்லயும் வந்துட்டுப் போன்னுதான் சொல்றாங்க” என்றாள்.

‘பத்து நாள்’ என்று அவள் சொன்னது என் காதில் விழவே இல்லை. ‘போயிடறேன்’ மட்டும்தான் விழுந்தது.

அவள் குளிக்கப் போயிருந்தபோது வயர்மேனுக்குப் போன் போட்டேன். எங்கள் வீடு கட்டிய காலத்திலிருந்து அவர்தான். எங்கள் தெருவில் அவர் கைபடாத சுவிட்ச் போர்டு கிடையாது. வந்து மெயின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, டெஸ்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றார்.

“டீச்சர், இது விழுதுன்னா ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்.”

“எனக்குத் தெரியாதா? பாடம் நடத்தறவதானே நான். பரீட்சை லீவுல சுவத்தை உடைச்சுப் பாத்துக்கலாம். இப்போதைக்கு மாடியை மட்டும் அதுலேர்ந்து எடுத்து விட்டுடுங்க.”

“பாய் கேட்டா என்ன சொல்றது?” என் கணவரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

“பாய் அங்க இருக்காரு. இங்க இருக்கறது நான்தானே.”

அவர் மெயின் சுவிட்சை அணைத்தார். ட்ரிப்பருக்கு முன்னாலேயே ஒரு வயரைப் பிரித்து மாடி அறைக்கு நேராகக் கொடுத்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று சாயங்காலம் கணவர் போனில் ட்ரிப்பர் போட்டாச்சா என்று கேட்டபோது, போட்டாச்சு என்றேன். அது பொய் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டு மாதம் மீட்டிங் எதுவும் அறுந்துபோகவில்லை. ஊரே கரண்ட் இல்லாமல் இருக்கும்போது எங்கள் மாடியில் மட்டும் ஏசி ஓடியது. அந்தத் தெம்பில், மழைக்காலத்தில் சேறாகிக் கிடக்கும் கொல்லையையும் சிமெண்ட் போட்டு மூடினேன். குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வாழை மரத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததைப் பைப்புக்குள் விட்டு, தெருக்கோடிச் சாக்கடையில் சேர்த்தாயிற்று. கொல்லை பளிச்சென்று காய்ந்து கிடந்தது.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் அவள் மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். “அம்மா, சிபியூவைத் தொட்டா சுர்ருங்குது.”

“வெறுங்காலோட இருக்காதே. செருப்பைப் போட்டுக்க.”

எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இதுதான் வைத்தியம். கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒன்று. இயந்திரத்தைச் சரிபண்ணுவதில்லை, காலுக்குப் போட்டுக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில், பிளக்கில் எர்த் என்கிற மூன்றாவது பின் எதற்கு என்று கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிற நானும், வீட்டு வாசல் தாண்டி உள்ளே வந்தால் செருப்புக் கட்சிதான்.

சித்திரையில் அது நடந்தது. உளுந்து பறித்து முடிந்து வயலெல்லாம் கைவிரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்த நேரம். காலை பத்தரை இருக்கும். லீவு நாள். அவள் தலைக்குக் குளித்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அப்போதுதான் மாடித் தரையைத் துடைத்துவிட்டு வாளியை வெளியே வைத்தேன். ட்யூப் லைட் மங்கியது. ஏசி உறுமிவிட்டு நின்றது. கம்ப்யூட்டரின் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. “என்னம்மா இது” என்று சொல்லிக்கொண்டே அவள் குனிந்து, பின்னாலிருக்கிற வயரைப் பார்க்க சிபியூவின் இரும்பு விளிம்பைப் பிடித்தாள்.

அவள் கத்தவில்லை. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், கத்தினாளா என்று. தொண்டைக்குள் ஒரு முனகல் மட்டும் வந்தது. யூபிஎஸ் சத்தத்தில் அதுகூடச் சரியாகக் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது தலையிலிருந்த துண்டு அவிழ்ந்து முகத்தை மூடியிருந்தது. கை மட்டும் அந்த இரும்பை விடாமல் பிடித்துக்கொண்டு நடுங்கியது.

அவளைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை அவள் தோளை நோக்கிப் போய்விட்டது. பாதியில் எப்படி நிறுத்தினேன் என்று தெரியவில்லை. நாற்காலியின் முதுகுப் பக்கம் பிளாஸ்டிக். அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். சக்கரம் உருண்டது. கை விட்டுவிட்டது. நாற்காலியோடு நாங்கள் இருவரும் சுவரில் போய் மோதினோம்.

தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்து, ஒருநாள் வைத்திருந்து பார்த்து, இதயம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். கையில் கட்டு. வயர்மேன் ஆஸ்பத்திரிக்கு வந்து வராண்டாவிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு சோலார்காரரும் வயர்மேனும் சேர்ந்து மாடி அறை வயரைத் தேடிக்கொண்டு போனார்கள். அது சுவருக்குள் இறங்கி, சமையலறைக்குப் பின்னால் வந்து, கொல்லையில் நான் போட்ட புது சிமெண்ட்டுக்கு அடியில் போனது. வயர்மேன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

“பைப்பு” என்றார்.

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மகள் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது மாடி அறைக்கு வீட்டின் முதல் கம்ப்யூட்டர் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் லைனில் நியூட்ரல் கம்பி அடிக்கடி அறுந்துவிடும். மின்சாரம் வருகிற கம்பி இருக்கும், திரும்பிப் போகிற கம்பி இருக்காது. வோல்டேஜ் தாறுமாறாக ஏறி டிவியெல்லாம் புகைந்துபோகும். அதற்கு ஊரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. கொல்லையில் ஓர் இரும்புப் பைப்பை ஆள் உயரத்துக்கு அடித்து, திரும்பிப் போகிற மின்சாரத்தை மண்ணுக்கே விட்டுவிடுவது. எங்கள் மண் களிமண். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் இரண்டடி தோண்டினாலே ஊறும். வேறு ஊரில் இது நடக்காது. எங்கள் ஊரில் லைட் பிரகாசமாகவே எரிந்தது. புதுக் கம்ப்யூட்டர் பாழாகிவிடக்கூடாது என்று வயர்மேன் அதற்கும் அந்தப் பைப்பைத்தான் நியூட்ரலாகக் கொடுத்தார். உயிரைக் காப்பாற்ற வேண்டிய மூன்றாவது வயரான எர்த்தையும் அதே பைப்பில் கட்டினார். பின்னால் அரசாங்கம் லைனையெல்லாம் மாற்றியதும் கீழ்வீட்டு வயரை மட்டும் ஒழுங்காக லைன் நியூட்ரலுக்கே மாற்றிக்கொண்டோம். மாடி நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிட்டோம். அப்புறம் இரண்டு பேருமே மறந்துபோனோம்.

இத்தனை வருடக் கோடையிலும் அந்தப் பைப்பை ஈரமாக வைத்திருந்தது எங்கள் வீட்டுக் குளியல் தண்ணீர்தான். அதைத்தான் நான் சிமெண்ட் போட்டு நிறுத்தினேன். மண் காய்ந்தது. மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் திரும்பி, மூன்றாவது வயர் வழியாகக் கம்ப்யூட்டரின் இரும்பில் வந்து நின்றது.

இதெல்லாம் சோலார்காரர் விளக்கினார். வீடியோ காலில் என் கணவரும் பார்த்துக்கொண்டிருந்தார். பைப்பைப் பற்றி அவர் அவ்வளவு கோபப்படவில்லை. அவருக்கும் ஊர் வழக்கம் தெரியும். மெயின் பெட்டியைக் காட்டச் சொன்னார். ட்ரிப்பரைத் தாண்டிப் போகிற வயரைப் பார்த்தார்.

“இதை யாரு செஞ்சது?”

வயர்மேன் போனைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, “தப்பு என்னுதுதான் பாய்” என்றார்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

“அந்த ஆள் இனிமே நம்ம வாசப்படி ஏறக்கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். தெருவுக்கு அது அன்றைக்கே தெரிந்துவிட்டது. எதிர் வீட்டு அக்கா தன் வீட்டு மோட்டாருக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்.

ஐந்து நாள் அப்படியே இருந்தேன்.

வலது கையில் கட்டு இருந்ததால் மகளுக்கு நான்தான் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வயதுப் பெண் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பது முதல் இரண்டு நாள் அவளுக்கே சிரிப்பாக இருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம், ரசம் சோறு. இரண்டு வாய் வாங்கிவிட்டு, “அவர் இவ்ளோ பொறுப்பில்லாம இருப்பாருன்னு நெனைக்கவே இல்லம்மா. சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்” என்றாள்.

மூன்றாவது கவளம் என் கையில் இருந்தது. “நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. “என்னது?”

“மாடியை ட்ரிப்பர்லேர்ந்து எடுக்கச் சொன்னது நான். அவரு வேணாம்னுதான் சொன்னாரு.”

“ஏன்?”

“நீ சென்னைக்குப் போயிடறேன்னே.”

“பத்து நாள்மா. பத்து நாள்னு சொன்னேன்.”

ரசம் என் முழங்கை வரை வழிந்துவிட்டது. அவள் அந்தக் கவளத்தை வாங்கிக்கொள்ளவில்லை. இடது கையால் போனை எடுத்து, தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்து, என் கணவருக்குப் போட்டாள். “அத்தா, அம்மா ஒண்ணு சொல்லணுமாம்.”

சொன்னேன். அவர் ஏதோ கட்டடத்தின் மொட்டை மாடியில் இருந்தார். பின்னால் ஏசி இயந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“நான் இருபத்திரண்டு வருஷமா வெளிய கெடக்கேன்” என்றார். “என்னை நிறுத்தறதுக்கு நீ ஒரு வயரக்கூட பிடுங்கலியே.”

மகள் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தாள். அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “அவர்கிட்ட நானே பேசிக்கறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார். வயர்மேனிடம் பேசியும் இருக்கிறார். அன்று சாயங்காலம் நான் எதிர் வீட்டு அக்காவிடம் போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். பிறகு வயர்மேன் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

“நீங்க கேட்டீங்க, நான் செஞ்சேன். முடியாதுன்னு சொல்லியிருக்கணும் டீச்சர். டீச்சரே சொல்றாங்களேன்னு விட்டுட்டேன். பைப்பும் நான் அடிச்சதுதானே.”

“தெருவுல சொல்லிட்டேன்.”

“அதை ஏன் சொன்னீங்க” என்றார். ஆனால் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

மாடி அறைச் சுவரை உடைத்தார்கள். வேலை பத்து நாளில் முடியவில்லை, பதினெட்டு நாள் ஆனது. அவரும் சோலார்காரரும் சேர்ந்து செய்தார்கள். மகள் அந்த நாட்களில் சென்னைக்கு ஹாஸ்டலுக்குப் போனாள். பதினெட்டாம் நாள் போன் போட்டு, ட்ரிப்பர் இப்போது விழவே இல்லை என்றேன். நல்லதும்மா என்றாள். பிறகு, “நான் இங்கேயே ஒரு ரூம் பாத்துட்டேன்மா. கோவத்துல இல்ல. ஆபீஸுக்குப் போயி நாலு பேரோட உக்காந்து வேலை பாத்தாதான் எனக்கு வேலை கத்துக்க முடியுது. ரெண்டு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். நீ ஒவ்வொண்ணா வாங்கிட்டே இருந்தியா, எப்படிச் சொல்றது?” என்றாள்.

சரி என்றேன். அன்றைக்கு அதுவே எனக்குப் பெரிய வார்த்தையாக இருந்தது. அவள் ரூமுக்குப் போனதும் பிளக் பாயிண்டில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள், கீழே கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மையோடு.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில்தான் வீடு ரொம்பப் பெரியதாகத் தெரிகிறது. போன ஞாயிறு கீழே ஃபேன் காற்றில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வெயில் நன்றாக அடித்தது. போன் வந்தது.

“என்னம்மா, ஏசி போடலியா? எட்டு பேனலும் முழுசா ஓடுது, வீட்டுல ஒரு ஃபேனைத் தவிர ஒண்ணுமே ஓடல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“சோலார் ஆப் என் போன்லயும் இருக்கு. தெனம் பாக்கறேன். செவ்வாக்கிழமை காலைல ஏழு மணி வரைக்கும் ஒரு லைட்டும் எரியல, பயந்தே போயிட்டேன். தூங்கிட்டியா?”

“ஆமா, தூங்கிட்டேன்.”

“மேல போயி ஏசியைப் போட்டுக்கிட்டுத் திருத்து. நான் பாத்துட்டே இருக்கேன்.”

விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அந்த அறைக்குள் தனியாகப் போவது எனக்கு இன்னும் பழக்கமாகவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஏசி சுவிட்சைப் போட்டேன்.

“ம், ஆப்ல ஏறிடுச்சு” என்றாள் அவள்.